சூரியக் காற்றும் ஒரு மணித்தியாலப் பின்தங்கலும்: யாழ்ப்பாணத்து இறுதியாண்டு ஆய்வொன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு

யாழ்ப்பாணத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் பௌதிகவியல் இறுதியாண்டு மாணவி ஒருவர், சூரியக் காற்றின் அளவீடுகளைக் கொண்டு புவிகாந்தப் புயலை, அதாவது பூமியின் காந்தப்புலத்தில் எழும் பெரும் குழப்பத்தை, எதிர்வுகூறும் கணினி மாதிரி ஒன்றைச் செய்தார். அந்த ஆய்வு தொடங்கியது முதல் மதிப்பிடப்பட்டது வரை நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நான் அதன் இரண்டாவது மேற்பார்வையாளர். மாணவியும் முதன்மை மேற்பார்வையாளரும் வாசித்து உடன்பட்ட பின்பே இதை வெளியிடுகிறேன், பெயர்களை விட்டிருக்கிறேன்.

விண்வெளி வானிலைத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மடிக்கணினி போதும். ஆய்வுகூடச் செலவு இல்லை. எங்களைப் போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு உலகத் தரவின் மேல் நேரடியாகக் கைவைக்கக் கிடைக்கும் அரிய துறைகளில் இது ஒன்று. அதனாலேயே இதில் நன்றாக வேலை செய்யவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. இந்த மாணவி தடுக்கிய இடத்தில் அடுத்து வருகிறவர்களும் தடுக்கக்கூடும்.

பின்னணி

2024 மே மாதம் சூரியனில் 13664 என எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் பூமியை நோக்கி அடுத்தடுத்துப் பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட வாயு) முகில்களை எறிந்தது. அமெரிக்காவின் விண்வெளி வானிலை எதிர்வுகூறல் நிலையம் 2005ஆம் ஆண்டுக்குப் பின் முதல் தடவையாக ஜி4 தர முன்னறிவிப்பை விடுத்தது. புவிகாந்தப் புயல்களை அந்த நிலையம் ஜி1 முதல் ஜி5 வரை தரப்படுத்துகிறது; ஜி5 மிகக் கடுமையானது. மே 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை, இலங்கை நேரப்படி இரவு பத்தரை மணி கடந்த சில நிமிடங்களில், பூமியின் காந்தப்புலம் திடீரென எகிறியது. புயல் ஜி5 வரை போனது. அந்தத் தரத்தை 2003 ஒக்டோபருக்குப் பின் உலகம் கண்டதில்லை. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. புயல் உச்சத்தைத் தொட்டபோது இங்கே சனிக்கிழமை காலை எட்டு மணியளவு. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

அந்த இரவு முழுவதும் மாணவி கைபேசியில் வரைபுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆய்வு முன்மொழிவின் முதற் பந்தியில் அதை எழுதியிருந்தார். தலைப்பை நாங்கள் கொடுக்கவில்லை, அவரே கொண்டுவந்தார் என்பதைச் சொல்லவேண்டும். பின்னர் எடுத்த முடிவுகளில் இதற்குப் பங்கு உண்டு.

பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரியக் காற்று என்பது சூரியனின் வெளி வளிமண்டலத்திலிருந்து ஓயாமல் பாயும் புரோத்தன்களும் இலத்திரன்களும். வழமையான வேகம் செக்கனுக்கு 400 கிலோமீற்றர் அளவு; புயலின்போது அது இரு மடங்காகவும் அதற்கு மேலும் போகும். அந்தக் காற்றோடு ஒரு காந்தப்புலமும் வருகிறது. அது தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால் பூமியின் புலத்தோடு பிணைந்து உள்ளே சக்தியை இறக்கும். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியில் ஏஸ், டிஸ்கோவர் முதலிய செய்மதிகள் இதை அளந்துவந்திருக்கின்றன. 2024 ஜனவரி முதல் இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலமும் அங்கே இருக்கிறது. சாதாரணக் காற்று அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணித்தியாலம் எடுக்கும். கடும் புயற்காற்றுக்கு அரை மணித்தியாலமே போதும். புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அதற்கு முன்பு நம்பிக்கையோடு சொல்ல இன்றும் வழி இல்லை. இந்தத் துறையின் இடுக்கண் முழுவதும் இந்த ஒரு வசனத்தில் அடங்கிவிடுகிறது.

புயலின் ஆழத்தை அளப்பதற்கு டிஎஸ்ரி என்ற சுட்டெண் உண்டு. ஹேர்மானஸ், ககியோகா, ஹொனலூலு, சான் ஹுவான் ஆகிய நான்கு நிலையங்களின் காந்தமானிகளை வைத்து யப்பானின் கியோட்டோவில் மணித்தியாலத்துக்கு ஒன்றாகக் கணிக்கிறார்கள். அமைதியான நாட்களில் சுழிக்கு அருகில் இருக்கும். −50 நனோதெசுலாவுக்குக் (காந்தப்புலத்தை அளக்கும் சிறிய அலகு) கீழே போனால் மிதமான புயல். −100க்குக் கீழே கடும் புயல். மே 2024 புயல் −400ஐத் தாண்டியது. மாணவியின் இலக்கு, சூரியக் காற்றின் அளவீடுகளிலிருந்து டிஎஸ்ரியை ஒரு மணித்தியாலம் முன்கூட்டிச் சொல்வது.

முதல் முடிவுகள்

நாசாவின் ஒம்னி தொகுப்பிலிருந்து மணித்தியாலத் தரவை இறக்கினார். 1963 முதலான தரவு அதில் உண்டு. அவர் ஏஸ் செய்மதி பணி தொடங்கிய காலத்துக்குப் பிந்தியதை மட்டும் எடுத்தார். காற்றின் வேகம், அடர்த்தி, காந்தப்புலத்தின் வடக்கு–தெற்குக் கூறு, கடந்த மணித்தியாலங்களின் டிஎஸ்ரி ஆகியவை உள்ளீடுகள். நூற்றுக்கணக்கான தீர்மான மரங்களின் விடைகளைச் சராசரியாக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார். எல்லா மணித்தியாலங்களையும் எழுமாற்றாகக் கலக்கி, ஐந்தில் நான்கு பங்கைப் பயிற்சிக்கும் ஒரு பங்கைச் சோதனைக்கும் ஒதுக்கினார். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பாடங்கள் இப்படித்தான் கற்பிக்கின்றன.

முடிவு கண்ணைப் பறித்தது. எதிர்வுகூறலும் உண்மையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் இணைபுக் குணகம், அதன் உச்சமான 1ஐ ஒட்டி நின்றது. மே 2024 புயலின் வரைபில் உண்மைக் கோடும் எதிர்வுகூறிய கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. இடைக்கால அறிக்கையைப் பார்த்த சக மாணவர்கள் இதை ஆய்விதழுக்கே அனுப்பலாம் என்றார்கள். மாணவியும் சுருக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டார்.

அடிமட்டம் காட்டியது

முதன்மை மேற்பார்வையாளர் பழைய பழக்கம் மாறாதவர். திரையில் பார்ப்பதை நம்பமாட்டார். தாளில் அச்சிட்டுத் தரச் சொல்வார். மே 10, 11ஆம் திகதிகளை மட்டும் ஒரு முழுத் தாளில் விரித்து வரைந்து தரும்படி கேட்டார். தாள் வந்ததும், உண்மைக் கோடு சரியத் தொடங்கும் இடத்தில் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். எதிர்வுகூறிய கோடு சரியத் தொடங்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே தாளில் ஒரு சிறு கட்டம், அதாவது ஒரு மணித்தியாலம் இருந்தது. அடுத்த சரிவிலும் அப்படியே. மீளும் இடத்திலும் அப்படியே.

"பிள்ளை, இது வரப்போவதைச் சொல்லவில்லை. வந்துபோனதைத் திருப்பிச் சொல்கிறது" என்றார்.

மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், அப்படியென்றால் குணகம் எப்படி இவ்வளவு உயர்ந்து வந்தது?" என்று கேட்டார். சரியான கேள்வி அது. அதற்கு விடை தேடியபோது மூன்று விடயங்கள் வெளிவந்தன.

முதலாவது, டிஎஸ்ரி மெல்ல நகரும் சுட்டெண். சென்ற மணித்தியாலப் பெறுமானத்தை அப்படியே எழுதிவைத்தாலே இணைபு மிக உயர்வாக வரும். பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டம் வடிந்துபோகப் பல மணித்தியாலங்கள் எடுப்பதே காரணம். சோளகம் வீசும் மாதங்களில் "நாளையும் சோளகம்தான்" என்று சொல்கிறவரின் வாக்கு அநேகமாகப் பொய்க்காது. ஆனால், கடலுக்குப் போகிறவருக்குத் தெரியவேண்டியது காற்று மாறும் நாள். மாணவியின் மாதிரி மரங்களை நூற்றுக்கணக்கில் வளர்த்துக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்தச் சோளக வாக்கைத்தான்.

இரண்டாவது, எழுமாற்றுப் பிரிப்பு. ஒரு புயல் ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கும். மணித்தியாலங்களைக் கலக்கிப் பிரித்தால் அதே புயலின் ஒரு மணித்தியாலம் பயிற்சியிலும் அடுத்தது சோதனையிலும் விழும். சோதனைக்கு வரும் புயலின் பெரும்பகுதியை மாதிரி ஏற்கெனவே பார்த்திருக்கும்.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒம்னி கோப்பில் அளவீடு இல்லாத இடங்களில் நிரப்பு எண்கள் இருக்கும்; அடர்த்தி நிரலில் அது 999.9. அந்த எண் உள்ள வரிகளை மாணவி ஒரே கட்டளையில் நீக்கியிருந்தார். நீக்கியவற்றைத் திரும்ப எடுத்துத் திகதி வாரியாக அடுக்கச் சொன்னேன். 2003 ஒக்டோபர் இறுதி நாட்களுக்கு வந்தபோது 999.9 வரிக்கு வரி கீழிறங்கிக்கொண்டே போனது. அந்தப் புயலின்போது உயர் சக்திப் புரோத்தன்கள் ஏஸ் செய்மதியின் பிளாஸ்மா கருவியை மூழ்கடித்துவிட்டன. காற்றின் வேகம் செக்கனுக்கு 1850 கிலோமீற்றரைத் தாண்டியது என்பதைப் பின்னர் பிரித்தெடுத்துத்தான் சொன்னார்கள். கருவி தடுமாறும் மணித்தியாலங்கள் பெரும்பாலும் புயல் மிகக் கடுமையாக இருக்கும் மணித்தியாலங்களே. "சுத்தப்படுத்தல்" என்ற பெயரில் கோப்பிலிருந்து வெளியேறியவை, இந்த மாதிரி எவற்றுக்காகச் செய்யப்பட்டதோ அவையே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆய்வேடு கையளிக்க இரண்டு மாதமளவில் இருந்தது. மூன்று வழிகளைப் பேசினோம். இருந்தபடியே கையளித்து, குறைகளை இறுதி அத்தியாயத்தில் ஒரு பந்தியாகச் சொல்வது ஒன்று. இலகுவான வேறு தலைப்புக்கு மாறுவது இன்னொன்று. சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்து, வரும் முடிவு எதுவானாலும் அதையே எழுதுவது மூன்றாவது.

மாணவிக்கு முதலாவதில் நாட்டம் இருந்தது. வெளியான கட்டுரைகள் சிலவற்றிலும் இதே பிரிப்பு இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார், உண்மைதான். முதன்மை மேற்பார்வையாளர் மாணவியின் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தையே எடுத்து வைத்தார். சூரியனிலிருந்து ஒரு காற்று மீயொலி வேகத்தில் வீசவேண்டும் என்று 1958இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் யூஜீன் பார்க்கர் கணிதத்தால் காட்டியபோது, கட்டுரையைப் பார்த்த நடுவர்கள் இருவரும் மறுத்தார்கள். இதழின் ஆசிரியராக இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் கணக்கில் பிழை காணமுடியாததால் அதை வெளியிட்டார். ஆனாலும் 1962இல் மரினர் 2 கலம் வெள்ளியை நோக்கிப் போகும் வழியில் அந்தக் காற்றை மாதக்கணக்கில் அளந்த பிறகுதான் விவாதம் அடங்கியது. "நீர் எழுதிய வரலாறுதானே இது. பார்க்கர் சொல்லும்போது மரினரின் தரவு அவரிடம் இருந்ததா?" என்று கேட்டார். மாணவி மூன்றாவது வழிக்கு இணங்கினார். தலைப்பு அவருடையது என்பதால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தீர்மானித்தோம். தரவைக் காலவரிசையில் பிரிப்பது: 2014 வரை பயிற்சி, 2015 முதல் 2019 வரை சரிபார்ப்பு, 2020க்குப் பின் சோதனை. இதனால் 2024இன் மே, ஒக்டோபர்ப் புயல்கள் இரண்டும் மாதிரி கண்ணாற் காணாதவை ஆகின. இந்தப் பிரிப்புக்கு ஒரு விலையும் உண்டு. சரிபார்ப்புக் காலம் விழும் 24ஆம் சூரிய வட்டம் (சூரியனின் செயற்பாடு ஏறி இறங்கும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சி) பலவீனமானது. சரிபார்ப்புக் காலத்தில் 2015 மார்ச் புயலைத் தவிர்த்தால் பெரிதாகச் சொல்லக்கூடியவை குறைவு. தெரிந்தே அதை ஏற்றோம்.

எந்த முடிவையும் தனியே தராமல் இரண்டு எளிய ஒப்பீடுகளோடு தருவது அடுத்த தீர்மானம். ஒன்று, சென்ற மணித்தியாலத்தையே திருப்பிச் சொல்லும் விதி. மற்றது பேர்ட்டன், மக்பெரன், ரசல் ஆகியோர் 1975இல் தந்த சமன்பாடு: தெற்கு நோக்கிய புலமும் வேகமும் சேர்ந்து வளைய மின்னோட்டத்தை ஊட்டும், அது ஏறத்தாழ எட்டு மணித்தியாலக் காலமாறிலியோடு தேயும். கணிப்பானும் தாளும் இருந்தால் போதும்.

வழுவைப் புயல் ஆழமாகும் மணித்தியாலங்களுக்கு மட்டும் தனியே கணிப்பது என்றும் முடிவு செய்தோம். ஆண்டின் பெரும்பகுதி அமைதியானது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சராசரியாக்கினால் அமைதி புயலை விழுங்கிவிடும்.

விடுபட்ட அளவீடுகள் பற்றித்தான் அதிகம் வாதாடினோம். இடைவெளியைக் கோடிழுத்து நிரப்பினால் இல்லாத அறிவைச் சேர்த்ததாகும். நீக்கினால் புயலே போய்விடும். இறுதியில், அளவீடு இல்லை என்பதையே ஓர் உள்ளீடாகக் கொடுத்து வரிகளை வைத்துக்கொண்டோம். நேரலையாக இயங்கும் எந்த மாதிரியும் இந்த இருட்டை ஒரு நாள் சந்தித்தே ஆகவேண்டும். டிஸ்கோவர் 2019 யூன் முதல் 2020 மார்ச் வரை செயலிழந்து கிடந்தது. அதற்குள் ஒரு பெரும் புயல் வந்திருக்கலாம்.

தொடர்ந்து நடந்தவை

புதிய இணைபுக் குணகம் தாழ்ந்தது. மொத்தச் சராசரியில் மாணவியின் மாதிரி, சென்ற மணித்தியாலத்தைத் திருப்பிச் சொல்லும் விதியைச் சிறிதளவே விஞ்சியது. புயல் ஆழமாகும் மணித்தியாலங்களில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அடிமட்டம் வைத்துப் பார்த்தபோது பின்தங்கல் பல இடங்களில் மறைந்திருந்தது. ஆனால், மே 2024இன் அடியாழத்தை மாதிரி தொடவில்லை. மரங்களின் விடை பயிற்சியில் கண்ட பெறுமானங்களின் சராசரி. −400ஐ ஒட்டிய மணித்தியாலங்கள் பயிற்சித் தரவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த ஆழத்தில் 1975ஆம் ஆண்டுச் சமன்பாடே உண்மைக்கு நெருக்கமாகப் போனது. இதைக் கண்டபோது மாணவியின் முகம் வாடியது. எனக்கோ இந்த ஆய்வு முழுவதிலும் பெறுமதியான வரைபு அதுவே என்று பட்டது. காண அரிதான நிகழ்வுக்கு, பௌதிகம் தெரிந்த எளிய சமன்பாடு தரவை மட்டும் தெரிந்த மாதிரியை முந்துவதை நான் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் பார்த்ததில்லை.

வாய்மொழிப் பரீட்சையில் வெளிப் பரீட்சகர் பெரும்பகுதி நேரத்தை அந்த வரைபிலும் 999.9 பற்றிய அட்டவணையிலுமே செலவிட்டார். கடுமையான கேள்விகள் வந்தன. ஒம்னி மணித்தியாலத் தரவு பூமியை வந்தடையும் நேரத்துக்கு நகர்த்தப்பட்டது. டிஎஸ்ரியின் இறுதிப் பெறுமானமும் பின்னர் திருத்தப்பட்டது. அவ்வாறிருக்க, அந்த நேரத்தில் கையில் இருந்திருக்கக்கூடிய தரவு எது என்று கேட்டார். மாணவி தடுமாறவில்லை. நேரலைத் தரவோடு இதைச் சோதிக்கவில்லை, ஆகவே இது எதிர்வுகூறல் முறை ஒன்றின் பரிசோதனை மட்டுமே, எதிர்வுகூறல் சேவை அல்ல என்றார். ஆய்வேடு நல்ல தரத்தில் சித்தியடைந்தது. முன்பு தொடங்கிய ஆய்விதழ்ச் சுருக்கத்தை அவர் அனுப்பவில்லை.

நில அளவையாளரின் கேள்வி

முடிவுகளை உள்ளூரில் விளக்கிய கூட்டத்துக்கு நில அளவையாளர் ஒருவரும் வந்திருந்தார். செய்மதி வழி அளக்கும் கருவிக்கு மாலை ஆறரை, ஏழு மணிக்குப் பின் சில நாட்களில் 'பிக்ஸ்', அதாவது நம்பக்கூடிய துல்லியமான இடநிலை, வருவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கரைச்சல் கூட. இந்த மாதிரி அந்த நாட்களை முன்கூட்டிச் சொல்லுமா என்று கேட்டார்.

சொல்லாது. டிஎஸ்ரி வளைய மின்னோட்டத்தின் கணக்கு. அவர் சொன்னது அயனமண்டலத்தின், அதாவது மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கின், கதை. காந்தச் சாய்வு சுழியாகும் கோடு, அதாவது காந்த நடுக்கோடு, எங்களுக்கு மிக அண்மையில் போகிறது. அந்தப் பட்டியில் சூரியன் மறைந்த பின் அயனமண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து செறிவு குறைந்த பிளாஸ்மாக் குமிழ்கள் மேலெழுகின்றன. அவற்றினூடாக வரும் செய்மதி சமிக்ஞை நடுங்குகிறது. சூரிய உச்ச ஆண்டுகளில், சம இரவு மாதங்களையொட்டி, எந்தப் புயலும் இல்லாத நாளிலும் இது நடக்கும். புயல் நாளிலோ, தாக்கம் மாலையில் வந்தால் குமிழ்கள் பெருகலாம். சில மணித்தியாலங்கள் கழித்து அதே புயலின் பின்விளைவு அவற்றை அடக்கவும் செய்யலாம். உயர் அகலக்கோடுகளில் இருப்பவர்களுக்காக வளர்ந்த ஜி அளவுகோலைப் பார்த்து யாழ்ப்பாணத்து மாலை அளவீட்டைத் திட்டமிட முடியாது.

இந்த விளக்கத்தை மாணவியே கொடுத்தார். அந்த அளவையாளர் தம் வெளிக்களக் குறிப்புப் புத்தகங்களில் பிக்ஸ் கிடைக்காத மாலைகளைக் குறித்துவைத்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் மாதக்கணக்கில் உலகத் தரவை அலசிக்கொண்டிருந்தபோது, எங்கள் வானத்தைப் பற்றிய குறிப்பு பக்கத்திலேயே ஒருவருடைய பையில் இருந்திருக்கிறது.

இனி எதை மாற்றுவோம்

இந்தத் தலைப்பில் வரும் மாணவர்கள் எந்த மாதிரியையும் ஓட்டும் முன், சென்ற மணித்தியால விதியின் வழுவையும் 1975ஆம் ஆண்டுச் சமன்பாட்டின் வழுவையும் கணித்து முதல் மாதத்திலேயே தரவேண்டும் என்று வைத்திருக்கிறோம். சோதனைக்கான புயல்களின் பட்டியலை மேற்பார்வையாளர் எழுதிக் கையொப்பமிட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்வார். பயிற்சி முடியும் வரை அந்த நாட்களின் தரவு மாணவரின் கோப்பில் இருக்காது. நீக்கப்பட்ட ஒவ்வொரு வரியும் திகதியோடு பின்னிணைப்பில் வரவேண்டும். நேரலைத் தரவை, திருத்தம் வருமுன் நாளுக்கு நாள் சேமிக்கும் சிறு நிரல் ஒன்றை மாணவி விட்டுச் சென்றிருக்கிறார். அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மின் தடைப்பட்டால் நின்றுபோகிறது என்பதால் மின்கலத்தில் இயங்கும் சிறு கணினிக்கு அதை மாற்றவேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே, முடிவைப் பயன்படுத்தக்கூடிய உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துப் பேசுவதும் இனி நடைமுறை. நில அளவையாளரின் புத்தகங்களைப் படம் எடுத்து, திகதியும் நேரமும் இடமும் கொண்ட அட்டவணையாக்கும் வேலையை அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். சமிக்ஞை நடுக்கத்தைப் பதிவுசெய்யும் ஒரு வாங்கியைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பொருத்த அனுமதி கேட்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் திருநெல்வேலியில் இயங்கும் புவிகாந்த ஆய்வு நிலையத்தின் தரவையும் கேட்டுப் பெற்று, இரு கரைகளிலும் ஒரே மாலையில் என்ன நடக்கிறது என்று ஒப்பிடுவது அந்த மாணவரின் இரண்டாவது அத்தியாயம்.